சாம்பல்ராணி மூச்சிழுக்கும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்கெல்லாம் தேஜான் ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் அந்த பிசி பாங்கில், மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி கேம் ஆடும் கம்ப்யூட்டர் கடையில், இரண்டு வரிசை முழுவதும் நிறைந்துவிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம். 'ஆறின கஞ்சி' என்று பெயர் வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாக ஒரே கேமில் தோளோடு தோள் நின்று சண்டை போட்டவர்கள், இன்றைக்குத்தான் முதல்முறையாக நேரில் பார்க்கிறார்கள். குரல் தெரியும், கோபம் தெரியும், யார் எப்போது கொட்டாவி விடுவார் என்பதுகூடத் தெரியும். முகம் மட்டும்தான் தெரியாது. அதனால் வாசலில் ஒவ்வொருவரும் வாயைத் திறக்கும்வரை மற்றவர்கள் அசடு வழிந்துகொண்டு நின்றார்கள்.

"நான்தாங்க மண்சட்டி" என்றாள் குவாக் யொங்ரான். கேமில் அவளுக்கு அதுதான் பெயர். நாற்பத்து நாலு வயது, காதுவரை வெட்டிய முடி, கையில் எல்லாருக்குமாக வாங்கி வந்த ரொட்டிப் பை.

வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரிய உருவத்து மனிதர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். "அக்கா, நான் முள்ளங்கி."

யொங்ரானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கேமில் முள்ளங்கி என்பது ஒரு மருத்துவத் தேவதை. விரல் தடிமன் இடுப்பு, வெள்ளிச் சிறகு, கையில் பூச்செண்டு. இங்கே நிற்பவரோ யாங்சானிலிருந்து சரக்கு லாரி ஓட்டிக்கொண்டு வந்தவர்.

"என்னக்கா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல, றெக்கையக் காணோமேன்னு பார்த்தேன்."

"லாரியிலயே கழட்டி வச்சிட்டேன். இங்க பார்க்கிங் கிடைக்கல."

அத்தோடு கூச்சம் போய்விட்டது. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவன் மட்டும் அளவாகச் சிரித்தான். நீளமான கை, நேர்த்தியாக வாரிய தலை, தனக்கென்று தனியாகக் கொண்டுவந்த மவுஸ். சுவோனில் செல்போன் கடை வைத்திருக்கும் தோக்யொம் அவன்தான் என்று யொங்ரான் கேட்காமலே தெரிந்துகொண்டாள். அவளுடைய கேடயத்தின் மேல் அவனுக்குத்தான் கண்.

கேடய விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மலை உச்சியில் சாம்பல்ராணி என்று ஒரு டிராகன். ஆறின கஞ்சி இதுவரை அதைக் கொன்றதில்லை. அது கழுத்தைப் பின்னுக்கு இழுத்து மூச்சிழுத்தது என்றால் அடுத்து நெருப்பு. அப்போது எல்லாரும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேடயத்துக்குப் பின்னால் குந்திக்கொள்ள வேண்டும். அசைந்தவன் சாம்பல். கேடயமோ கூட்டத்துக்கு ஒன்றுதான், அதை யொங்ரான் வைத்திருந்தாள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கேடயம் எழும், ஒரு மூச்சு நேரம் நிற்கும், இறங்கிவிடும். முந்தித் தட்டினால் நெருப்பு வரும்போது கேடயம் இறங்கியிருக்கும். பிந்தித் தட்டினால் தட்டுவதற்கு ஆளே இருக்காது.

யொங்ரான் தட்டி ஒருநாளும் தவறியதில்லை. எத்தனையோ நெருப்பு, அத்தனையும் அவள் கேடயத்தில் பட்டுச் சிதறியிருக்கிறது. தகராறு வேறு இடத்தில். அவளுடைய கம்ப்யூட்டர், அண்ணன் மகன் பட்டாளத்துக்குப் போனபோது விட்டுப்போன பெட்டி. ராணிக்கு உயிர் கொஞ்சமாக இருக்கும்போது அது சிறகை விரித்து மலை முழுக்கச் சாம்பலைக் கொட்டும். அந்தச் சாம்பலைக் காட்ட முடியாமல் பெட்டி ஒரேயடியாகக் கேமை மூடிவிட்டு வெறும் திரையைக் காட்டும். கேடயக்காரி காணாமல் போக, கஞ்சி மொத்தமும் கரியாகும். வாராவாரம் இதே கதை.

போன வாரம் தோக்யொம் மைக்கில் மரியாதையாகவே சொன்னான். "அக்கா, கேடயத்த நல்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்க கையில குடுத்தா என்ன? நீங்க வில்லு எடுத்துக்கங்க. பின்னாடி நின்னு ஜாலியா ஆடலாம்."

பின்னாடி நின்னு என்ற சொல் யொங்ரானுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் ஒரு கிரெடிட் கார்டு நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரான் கத்துவான், இவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். எவன் தப்பு செய்தாலும் மன்னிப்பு இவளுடையது. உலகத்தில் அவள் ஒதுங்கி வழிவிடாத இடம் அந்த மலை உச்சி ஒன்றுதான். அங்கே டிராகனே வந்தாலும் அவளைத் தாண்டிப் போக முடியாது, அவள் முதுகை நம்பிப் பதினோரு பேர் குந்தியிருப்பார்கள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. மனமில்லாததால் வாய் முந்திக்கொண்டது.

"கோளாறு என் கையிலயா, என் பெட்டியிலயான்னு பார்த்துடுவோம் தம்பி. எல்லாரும் ஒரே பிசி பாங்ல, ஒரே மாதிரி கம்ப்யூட்டர்ல உக்காருவோம். அங்கயும் நான் விழுந்தா கேடயத்த நீயே எடுத்துக்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அந்த வாய்ச்சவடாலுக்குத்தான் இன்றைய கூட்டம்.

பிசி பாங் முதலாளி தாக், தன் கம்ப்யூட்டர்களைப் பற்றி மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும் மாமனார் மாதிரி பேசினார். "போன மாசம்தான் எல்லாத்துலயும் புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன். ஒரு டிராகன் என்ன, மூணு டிராகன் சேர்ந்து வந்தாலும் இது இருமாது."

உண்மைதான். யொங்ரான் உட்கார்ந்து கேமுக்குள் போனதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். இரண்டு வருஷமாகத் தான் நின்ற மலையில் புல் இருப்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. ராணியின் செதிலுக்குச் செதில் வெளிச்சம் வழிந்தது. திரும்பினால் எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது. வீட்டுப் பெட்டியில் ராணி ஏதோ கறுப்பு ரப்பர் பொம்மை மாதிரிதான் இருக்கும். இவ்வளவு நல்ல கம்ப்யூட்டரில் ராணியை இன்றைக்கு உப்புக்கண்டம் போட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

சண்டை தொடங்கியது. ராணி கழுத்தை இழுத்தது. யொங்ரான் காத்திருந்தாள். எதற்கோ காத்திருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. கட்டைவிரல் ஸ்பேஸ் பாரின் மேல் தயாராக இருந்தது. நெருப்பு வந்தேவிட்டது. முதல் நெருப்பிலேயே பன்னிரண்டு பேரும் சாம்பல்.

"பரவால்லக்கா, புது கீபோர்டு, பழகணும்ல" என்றார் முள்ளங்கி.

இரண்டாம் முறை பயந்துபோய் முந்தித் தட்டினாள். கேடயம் எழுந்தது, இறங்கியது, அதற்குப் பிறகு நெருப்பு வந்தது. மூன்றாம் முறை பிந்திவிட்டாள். யாராவது கத்தியிருந்தால்கூடத் தேவலை, தினமும் திட்டு வாங்கிப் பழகியவள்தான். யாரும் கத்தவில்லை. தோக்யொம் மட்டும் நாற்காலியைத் திருப்பி, "ஒரு நாள் அப்படித்தான் அமையும்க்கா. முதல்ல சாப்பிடுவோம்" என்றான். அந்தக் கரிசனம் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

எல்லாரும் முட்டை போட்ட ராம்யொன் நூடுல்ஸ் வரவழைத்துச் சாப்பிட்டார்கள். யொங்ரானுக்கு இறங்கவில்லை. கண் கலங்கிவிடுமோ என்று பயந்து கல்லாப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை முழுக்கப் புதுசு போட்ட முதலாளி, கல்லாவுக்கு மட்டும் மஞ்சள் ஏறிய ஒரு பழைய பெட்டியை வைத்திருந்தார். அதில் தன்பாட்டுக்கு ஹ்வாதுச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். நல்ல சீட்டு விழப்போகும் போதெல்லாம் அந்தப் பெட்டி ஒரு கணம் அப்படியே ஹேங் ஆகி நின்றது. அது நின்ற கையோடு, சீட்டு இன்னும் விழாதபோதே, முதலாளி மேசையில் அடித்து "வந்துருச்சு" என்றார். பிறகுதான் சீட்டு விழுந்தது. அடுத்த ஆட்டத்திலும் அதேதான்.

யொங்ரான் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். அவளுக்கு மண்டையில் உறைத்துவிட்டது.

வீட்டுப் பெட்டியும் அப்படித்தான் திக்கும். ராணி கழுத்தை இழுத்ததும், வரப்போகும் நெருப்பைத் தேடி எடுக்க முடியாமல் பெட்டி ஒரு கணம் மூச்சடைத்து நிற்கும். அந்தத் திக்கல் வந்ததும் அவள் கட்டைவிரல் தானாகத் தட்டிவிடும். இரண்டு வருஷமாக அவள் ராணியைப் பார்த்துத் தட்டவே இல்லை. பெட்டி திக்குவதைப் பார்த்துத் தட்டியிருக்கிறாள். திக்காத கம்ப்யூட்டரில் அவளுக்குச் சைகை காட்ட ஆளில்லை.

இதை எப்படி வெளியே சொல்வது? சொல்லாவிட்டால் கேடயம் போச்சு. வெட்கத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாள். இரண்டு வரிசையும் ராம்யொன் புரையேறச் சிரித்தது.

தோக்யொம் சிரிக்கவில்லை. "அப்போ இவ்வளவு நாளா நீங்க ராணியப் பார்த்து ஆடலையா? அது போங்கு இல்லையாக்கா?"

"நீ கண்ணால பார்க்குற. நான் பெட்டியால பார்த்தேன். நெருப்பு நின்னுச்சா, இல்லியா?"

"நின்னுச்சு."

"அப்புறம் என்ன? எனக்கு அந்தக் கல்லாப் பெட்டி வேணும். ஒரே ஒரு ஆட்டம். விழுந்தேன்னா கேடயம் உன்னோடது."

"சாம்பல் கொட்டுறப்ப அதுவும் படுத்துடுமே."

"படுத்தா எடுத்துக்கோ."

முதலாளி தாக் முடியாது என்று தலையைப் பலமாக ஆட்டினார். "கேம் இதுலயும் இருக்கு, இல்லேங்கல. ஆனா நான் ஜெயிச்சிட்டிருக்கேன்மா."

முள்ளங்கி எழுந்து போய்க் கல்லாவின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றினார். அந்தக் கைகளைப் பார்த்த முதலாளி, உடனே சமையலறையில் ஏதோ வேலை இருப்பது நினைவுக்கு வந்தவராகத் தன் சீட்டாட்டத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

யொங்ரான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தாள். மேடை உயரம். எதிரே தெரிந்தது உச்சந்தலைகள் மட்டும்தான். கிராபிக்ஸ் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கினாள். புல் போயிற்று, செதில் போயிற்று, கறுப்பு ரப்பர் பொம்மை திரும்பி வந்தது. அதைப் பார்த்ததும் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி சந்தோஷம் வந்தது. இடது கை நடப்பதற்கு, வலது கை வாளுக்கு, கட்டைவிரல் கேடயத்துக்கு. "வாங்கடா" என்றாள்.

ராணி இறங்கியது. கழுத்தை இழுத்தது. படம் திக்கியது. கட்டைவிரல் தட்டியது. கேடயம் விருட்டென்று எழ, நெருப்பு அதில் மோதி இரண்டாகப் பிளந்து பக்கவாட்டில் ஓடியது.

வரிசையிலிருந்து ஒரு கூச்சல். அதற்குப் பிறகு அவள் கையைப் பிடிக்க ஆளில்லை. ராணி வாலைச் சுழற்றினால் இவள் உருண்டு எழுந்தாள், நகத்தை நீட்டினால் வாளால் தட்டிவிட்டாள், முறைத்தால் போய் முன்னால் நின்றாள். திக்கு, தட்டு. திக்கு, தட்டு. தோக்யொமின் வாள் ராணியின் விலாவைக் கிழித்துக்கொண்டே இருந்தது. அவன் பெரிய ஆட்டக்காரன்தான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. ராணியின் உயிர்க்கோடு பாதியானது, பாதியிலும் பாதியானது.

அப்போது ராணி சிறகை விரித்தது. மலை முழுக்கச் சாம்பல் கொட்டத் தொடங்கியது.

வீட்டில் கேம் மூடிக்கொள்ளும் இடம் இதுதான். கல்லாப் பெட்டி மூடவில்லை. அதைவிட மோசமாக, படத்தை அப்படியே உறைய வைத்துவிட்டது. ராணி வாயைப் பிளந்தபடி நின்றது. ஹெட்போனில் ஓசை ர்ர்ர் என்று ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது.

"நின்னுடுச்சு. எனக்குப் படம் நின்னுடுச்சு" என்று கத்தினாள்.

"ஸ்பேஸ் தட்டிப் பாருங்கக்கா" என்றான் தோக்யொம்.

தட்டினாள். இவள் திரையில் ஒன்றும் அசையவில்லை.

"எழுந்துச்சு, எங்களுக்கு எழுந்துச்சு. கையி வேலை செய்யுது. கண்ணுதான் போச்சு. நீங்க இடத்த விட்டு அசையாதீங்க, எப்பத் தட்டணும்னு நான் சொல்றேன்."

ராணி மூச்சிழுத்தது. "இப்போ" என்றான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து கிளம்பி ஹெட்போனைத் தாண்டி இவள் காதுக்கு வருவதற்குள் நெருப்பு பாதி வந்துவிட்டது. கேடயம் பிந்தி எழுந்தது. எல்லாரும் கருகித் தீய்ந்து, உயிர் நுனியில் ஊசலாட, முள்ளங்கி அத்தனை பெரிய விரல்களை வைத்துக்கொண்டு வெறிபிடித்த மாதிரி மருந்து தூவினார்.

"இன்னொன்னு தாங்காதுக்கா. ஒரு சொட்டு மருந்து இல்ல என்கிட்ட."

போச்சு என்று யொங்ரான் நினைத்தாள். ஹெட்போனின் ர்ர்ர் சகிக்கவில்லை. அதைப் பிடுங்கி வீசினாள்.

வீசியதும் கடை அவள் காதுக்குள் வந்து விழுந்தது. எதிரே பதினோரு கீபோர்டுகள், தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி படபடபடவென்று. அவள் இதுவரை கேட்டே இராத ஓசை. வீட்டில் மைக்கில் குரல் வரும், இது வராது. சட்டென்று அந்த மழை நின்றது. மொத்தமாக, ஒரே நேரத்தில். எல்லாரும் கையை எடுத்துவிட்டுக் குந்திக்கொண்டார்கள் என்றால் ராணி கழுத்தை இழுத்துவிட்டது என்று அர்த்தம்.

கட்டைவிரல் தட்டியது.

"நின்னுச்சு" என்று யாரோ அலறினார்கள். "நெருப்பு நின்னுச்சு. எப்படிக்கா?"

"யாரும் பேசாதீங்க. வாய மூடுங்க எல்லாரும். அடிங்க."

வாழ்நாளில் அவள் யாரையும் அப்படி அதட்டியதில்லை. ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினோரு வாய்களும் மூடின. கடையில் கீபோர்டு மட்டும் பேசியது. ராம்யொன் தட்டோடு வெளியே வந்த முதலாளியும் என்னமோ ஏதோ என்று நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். யொங்ரான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். படபடபட. நின்றது. தட்டினாள். படபடபட. நின்றது. தட்டினாள். இது வீட்டுப் பெட்டியின் திக்கலைவிடத் தெளிவாக இருந்தது. ஒருவர்கூடப் பிந்தவில்லை, ஒருவர்கூட முந்தவில்லை. அவளுக்குப் பயமே இல்லை. சந்தோஷம் தொண்டை வரைக்கும் ஏறி நின்றது.

படபடபட. நின்றது. தட்டினாள். பிறகு கீபோர்டு ஓசை திரும்ப வரவில்லை. அதற்குப் பதிலாக நாற்காலிகள் தரையில் கிறீச்சிட, எல்லாரும் கண்டபடி கத்த ஆரம்பித்தார்கள். யொங்ரான் கண்ணைத் திறந்தாள். அவள் திரையில் சாம்பல்ராணி அப்படியே, வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவள் மறுபடி ஸ்பேஸ் பாரைத் தட்டினாள்.

யாரோ ஒருவர் முள்ளங்கியைத் தூக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். தோக்யொம் கல்லா மேடைக்கு ஓடி வந்தான். வாரிய தலை கலைந்து, முகமெல்லாம் சிவந்திருந்தது.

"கேடயத்த இறக்குங்கக்கா. செத்துப்போச்சு."

"எனக்கு இன்னும் உசுரோட நிக்குது."

"அதான் எங்களுக்குச் செத்துப்போச்சுல்ல."

"நான் பார்க்காம இறக்கமாட்டேன்" என்றாள் யொங்ரான். கட்டைவிரலை எடுக்கவில்லை.

அவன் அவளைப் பார்த்தான், உறைந்த திரையைப் பார்த்தான். சுற்றி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டான். முள்ளங்கி வந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கல்லாவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள்.

"அடுத்த வாரம் அவங்கவங்க வீட்டுல இருந்து ஆடுறப்ப என்னக்கா பண்ணுவீங்க?" என்று தோக்யொம் மெதுவாகக் கேட்டான். "எங்க கீபோர்டு உங்களுக்குக் கேக்காதே."

அவன் கேட்டதில் கேடயம் யாருக்கு என்ற கேள்வியே இல்லை.

"மைக்க வாய்கிட்ட வைக்காத தம்பி. கீபோர்டுகிட்ட வை."

"சரிக்கா" என்றான்.

ராணி இன்னும் வாயை மூடவில்லை. பழைய பெட்டி உள்ளே ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. படம் நகரட்டும் என்று பதினோரு பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் காத்து நின்றார்கள்.